குறும்படக் கதையை முதலில் வாயால் சொல்லுங்கள், அப்புறம் எழுதுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நான் வழக்கமாகத் தே தாரே குடிக்கும் ஒட்டுக்கடைக்கு மாதத்தில் இரண்டு மூன்று பேராவது தேடி வந்துவிடுகிறார்கள். "அண்ணே, குறும்படம் எடுக்கப் போறோம். கதை ரெடி." "சரி தம்பி, சொல்லுங்க" என்று காது கொடுப்பேன். தே ஆறிவிடும். கதை இன்னும் நாயகனின் ஆறாம் ஆண்டைத் தாண்டியிருக்காது. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியது, பட்டணத்துக்குக் குடிவந்தது, அக்காவின் கல்யாணம் நின்றது என்று போய்க்கொண்டே இருக்கும். நல்ல கதைதான். ஆனால் அது இரண்டரை மணி நேரப் படம். அதைப் பத்து நிமிடத்துக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள்.

அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குறும்படத்துக்கு நீளக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும். ஆஸ்கார் விதிப்படி, பெயர்ப் பட்டியல் ஓடும் நேரத்தையும் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம். கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடம்தான் வரம்பு. முதல் படம் எடுப்பவருக்கு நான் சொல்லும் கணக்கு 8 நிமிடம். சனி, ஞாயிறு இரண்டு நாளில் எடுத்து முடித்துவிடலாம். உதவிக்கு வரும் நண்பர்கள் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள்.

8 நிமிடத்தில் என்ன கதை சொல்ல முடியும் என்று கேட்டால், 1895-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில் லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். அதில் ஒரு படம் இப்படிப் போகும். தோட்டக்காரர் குழாய் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வரும் பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. என்ன ஆச்சு என்று அவர் குழாயின் வாயைப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். தண்ணீர் அவர் முகத்தில் அடிக்கிறது. பையன் மாட்டிக்கொண்டு அடி வாங்குகிறான். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஓடாது. ஆனால் ஒருவருக்கு ஒன்று வேண்டும், அதற்கு ஒரு தடை வருகிறது, அப்புறம் ஒரு திருப்பம். கதைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. அந்தத் தோட்டக்காரருக்கு எத்தனை பிள்ளைகள் என்று பார்க்கிறவர் யாரும் கேட்கப் போவதில்லை.

இதை வெறும் பயிற்சி என்று நினைக்க வேண்டாம். கலைஞர் தொலைக்காட்சியில் 2009-இல் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக் காட்டித்தான் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் திரையுலகுக்குள் வந்தார்கள். அதே 2009-இல் நம் மலேசியாவில் இசைக்கலைஞர் பீட் தியோ முன்னின்று 15 இயக்குநர்களை வைத்து 15 குறும்படங்கள் எடுத்து இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். இயக்குநர் யாஸ்மின் அகமதுவும் அதில் ஒரு படம் செய்தார். வாசல் சின்னதாக இருக்கலாம், உள்ளே பெரிய கூடம் இருக்கிறது.

இப்போது கதைக்கு வருவோம். பிட்ச், பிட்சிங் (காசு போடுபவர் முன்னால் கதையைச் சொல்வது) என்ற சொற்கள் நம் காதில் விழுவதற்கு முன்பே தமிழ்த் திரையுலகில் 'கதை சொல்லப் போறேன்' என்ற வழக்கு இருந்தது. உதவி இயக்குநர் தயாரிப்பாளர் முன்னால் உட்கார்ந்து முழுப் படத்தையும் வாயாலேயே ஓட்டிக் காட்டுவார். பாட்டு எங்கே வருகிறது, எங்கே கைதட்டு விழும் என்பது வரைக்கும் அதில் இருக்கும். நம்மவர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் இதைக் கடைசியில் வைத்துவிடுகிறார்கள். எழுதி முடித்து, அட்டை போட்டு, அப்புறம் 'எப்படிச் சொல்வது' என்று யோசிக்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன். முதலில் சொல்லுங்கள். நாலு பேரிடம் சொல்லுங்கள். எங்கே அவர்கள் கண் கைத்தொலைபேசிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் கதை தொய்ந்துவிட்டது. எங்கே "அப்புறம்?" என்று கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்த இடத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது.

வாயால் சொல்வதற்கு முதலில் வேண்டியது ஒன்லைன். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் கதை. இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நான் எழுதிய ஒரு கதையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். முதலில் அதை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்: "முதுமையின் தனிமையையும் பக்தியையும் பேசும் படம்." கேட்டவர்கள் எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். யாரும் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. ஏனென்றால் அது கதையே இல்லை, கதையின் மீது ஒட்டும் சீட்டு.

மாற்றிச் சொன்னது இப்படி: "தைப்பூசத்துக்கு முதல் நாள். லிஃப்ட் பழுதான அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடிப் பாட்டி, தேர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கீழே இறங்கித் தேங்காய் உடைக்கப் பார்க்கிறார்."

இதில் யார் என்பது தெரிகிறது. என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பதும் தெரிகிறது. தேர் நிற்காமல் வந்துகொண்டிருப்பதால் ஓடுகிற கடிகாரமும் உள்ளே வந்துவிட்டது. பக்தி, தனிமை, முதுமை என்ற எந்தச் சொல்லும் இல்லை. ஆனால் மூன்றும் இருக்கின்றன. ஒட்டுக்கடையில் இதைச் சொன்னபோது ரொட்டி வீசிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பி, "பாட்டி இறங்கிட்டாங்களா?" என்றார். அன்று ராத்திரிதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதும் முறைக்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். கூகுள் டாக்ஸில் தமிழ் நன்றாகவே வரும். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே ஒரு தலைப்பு வரி வரும். உள்ளேயா வெளியேயா, எந்த இடம், எந்த நேரம் என்று அதிலேயே சொல்லிவிட வேண்டும். அதன் கீழே கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும் மட்டும் எழுத வேண்டும். அப்புறம் பேசுகிறவர் பெயர், வசனம். என் கதையிலிருந்து ஒரு துண்டு:

காட்சி 5. உள். அடுக்குமாடிப் படிக்கட்டு, நான்காம் மாடி – மாலை

பாட்டி (74) படியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் தேங்காய். மூச்சு வாங்குகிறது. தூரத்தில் மேளமும் நாதஸ்வரமும் நெருங்கி வருகின்றன. கைத்தொலைபேசி அடிக்கிறது. மூச்சு அடங்கும் வரை பாட்டி அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்புறம் எடுக்கிறார்.

பேரன் (குரல் மட்டும்)
பாட்டி, எங்க இருக்கீங்க?

பாட்டி
வீட்லதான்.

பேரன் (குரல் மட்டும்)
ரோடெல்லாம் அடைச்சுட்டாங்க. மோட்டார உள்ள விட மாட்றாங்க. நான் வந்து உங்களத் தூக்கிட்டுப் போறேன். அதுவரைக்கும் இறங்காதீங்க.

பாட்டி
(இன்னும் கீழே இருக்கும் படிகளைப் பார்த்தபடி)
நான் எங்கய்யா இறங்கப் போறேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பாட்டி பொய் சொல்கிறார். வாய் ஒன்று சொல்கிறது, உட்கார்ந்திருக்கும் படி வேறொன்று சொல்கிறது. இந்த இடைவெளிதான் திரைக்கதை. 'எனக்கு எப்படியாவது தேரைப் பார்க்கணும், இது என் கடைசி ஆசை' என்று பாட்டியைப் பேச வைத்திருந்தால் அது வானொலி நாடகம் ஆகியிருக்கும். முதல் வரைவில் அப்படித்தான் இருந்தது. 'பாட்டி மனத்துக்குள் வருந்துகிறார்' என்றுகூட ஒரு வரி எழுதியிருந்தேன். மனத்துக்குள் வருந்துவதைக் கேமரா எப்படி எடுக்கும்? மூச்சு அடங்கும் வரை தொலைபேசியை எடுக்காமல் இருப்பதை எடுக்கும்.

எழுதியதைவிட வெட்டியதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். பாட்டி தோட்டத்தில் பால் வெட்டிய காலம் மூன்று பக்கம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, சுவரில் ஒரு படம் மட்டும் வைத்தேன். பினாங்கு தண்ணீர்மலையில் 2012-இல் திறந்த புதிய முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறி முடித்து, உச்சியில் நின்று பாட்டி எடுத்துக்கொண்ட படம். மூன்று பக்கமும் அந்த ஒரு சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. அன்று 513 படி ஏறியவரால் இன்று ஒன்பது மாடி இறங்க முடியவில்லை. இதை வசனத்தில் சொல்லவே வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு காட்சி இருந்தது. மலாய்க்கார மக்சிக்கும் (அம்மாவும்) சீன அங்கிளும் சேர்ந்து பாட்டியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. படித்துப் பார்த்தபோது சுதந்திர தினத்துக்கு வரும் விளம்பரம் போல இருந்தது. இங்கே எழுதுகிற எல்லாருக்கும் இந்த ஆசை வரும், நல்ல மனத்திலிருந்துதான் வரும். ஆனால் உதவி சுலபமாகக் கிடைத்துவிட்டால் பாட்டிக்குச் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. மக்சிக்கை விட்டுவிட மனமில்லை. லிஃப்ட் வாசலில் 'ரோசாக்' (பழுது) என்று எழுதிய தாளை ஒட்டிக்கொண்டே, "நெனேக், பெசோக் பாரு போலே" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போவார். நாளைக்குத்தான் சரியாகும். தேர் இன்றைக்கு.

மூன்றாவது வெட்டுதான் பெரியது. தேரையே எடுத்துவிட்டேன். தைப்பூசக் கூட்டத்தில் கேமராவை வைத்துக்கொண்டு ஒரு நடிகரை நடிக்க வைப்பது நம் கையில் இருக்கும் காசுக்கும் ஆளுக்கும் நடக்காத காரியம். அனுமதி வாங்க வேண்டும், தப்பாகப் போனால் மறுபடி எடுக்க அடுத்த வருடம் வரை காத்திருக்க வேண்டும். சரி, தேர் திரையில் வரவே வேண்டாம், சத்தம் மட்டும் வரட்டும் என்று முடிவெடுத்தேன். தெருவில் நூற்றுக்கணக்கில் தேங்காய் உடைபடும் சத்தம், மேளம், 'வேல் வேல்'. பாட்டியால் பார்க்க முடியாததைப் பார்ப்பவரும் பார்க்கவில்லை. காசு இல்லாததால் செய்த வேலை, கதைக்கு அதுதான் சரி என்று ஆகிவிட்டது. எழுதும்போதே 'இதை என்னால் எடுக்க முடியுமா?' என்று கேட்டுக்கொண்டே எழுதுங்கள். படிக்கட்டு, மூன்று நடிகர்கள், ஒரு தேங்காய். இதை எந்தத் தயாரிப்பாளரும் மறுக்க யோசிப்பார்.

ஆங்கிலத் திரைக்கதையில் ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று கணக்கு வைப்பார்கள். தமிழில் இதை அப்படியே நம்ப வேண்டாம். நம் சொற்கள் நீளம், எழுத்தும் இடம் பிடிக்கும்; ஒரு பக்கம் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடலாம். நேரம் பார்க்கும் கருவியைத் தட்டிவிட்டு, நடந்து காட்டி, பேசிக் காட்டி வாசித்துப் பாருங்கள். கூடவும் ஓடலாம். படி இறங்குவதை 'இறங்குகிறார்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். 74 வயதுப் பாட்டிக்கு ஒரு மாடி இறங்க எவ்வளவு நேரமாகும் என்று எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில் என் அம்மாவுடன் இறங்கிப் பார்த்தேன். என் 8 பக்கம் 14 நிமிடம் ஓடியது.

வசனத்தில் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் பாட்டியிடம் தமிழ், கீழ்வீட்டாரிடம் மலாய், வேலையிடத்தில் ஆங்கிலம். மூன்றும் ஒரே வாயில் வரும். எந்த வரி எந்த மொழியில் பேசப்படுமோ அந்த மொழியிலேயே எழுதுங்கள். சென்னைப் பேச்சைக் கொண்டுவந்து பட்டர்வொர்த் பையன் வாயில் வைக்காதீர்கள். நம் பிள்ளை 'மோட்டார்' என்றுதான் சொல்வான், 'பைக்' என்று சொல்ல மாட்டான். பார்க்கிறவருக்கு இது உடனே தெரிந்துவிடும்.

எழுதி முடித்ததும் பலருக்கு வரும் பயம், 'யாராவது கதையைத் திருடிவிட்டால்?' 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி வைத்த உடனே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். தனியாகப் பதிந்தால்தான் உரிமை என்று இல்லை. சான்று வேண்டுமென்றால் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகமான மைஇப்போவில் தாமாக முன்வந்து அறிவித்து வைக்கலாம். ஆனால் சட்டம் காப்பது எழுதியதை, கருவை இல்லை. 'பாட்டி படி இறங்குகிறார்' என்ற கரு யாருக்கும் சொந்தமில்லை. அதனால்தான் வாயால் சொல்லிப் பழகிய பின், வெளியாள் முன்னால் போவதற்குள் காகிதத்தில் இறக்கிவிடுங்கள் என்கிறேன். அதற்காகக் கதையைப் பூட்டி வைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பது பெரிய நஷ்டம்.

சரி, பிட்சிங். குறும்படப் போட்டிகள், தமிழ் அலைவரிசைகள், 1981-இல் தொடங்கிய ஃபினாஸ் எனும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் என்று கதவுகள் பல உண்டு. விதிகளும் தேதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். அவர்களின் அறிவிப்பை அந்தந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அன்று காலையிலிருந்து பத்துக் கதை கேட்டவர்களாக இருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்.

நான் முதன்முதலில் கோலாலம்பூருக்குப் போய்க் கதை சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. பட்டர்வொர்த்தில் விடியற்காலை ரயில் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கும் வரை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். 7 நிமிடம் கொடுத்தார்கள். பாட்டியின் தோட்டத்து வாழ்க்கையை வைத்து ஆரம்பித்தேன். மணி அடித்தபோது பாட்டி இன்னும் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. "கதை என்ன?" என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். சொல்ல நேரம் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து, கையே வைக்காமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை போனபோது முதல் வாயிலேயே ஒன்லைனைச் சொன்னேன். அப்புறம் 'இதை நான் ஏன் எடுக்க வேண்டும்' என்பதற்கு இரண்டே வரி: நான் வளர்ந்தது அப்படியொரு அடுக்குமாடியில், தேர் வரும் சத்தம் என் ஜன்னலுக்குக் கேட்கும். பிறகு கதையை முதலிலிருந்து முடிவு வரை முழுவதும் சொன்னேன். முடிவை மறைக்கக் கூடாது. 'முடிவு என்ன என்று படத்தில் பாருங்கள்' என்று சொல்வது பார்வையாளரிடம் அழகு. காசு கொடுப்பவரிடம் சொன்னால், முடிவு இன்னும் கிடைக்கவில்லை என்றுதான் அவர் நினைப்பார். கடைசியாக, எத்தனை நாள், எத்தனை பேர், எந்த இடம், எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்).

மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டிவந்தால், ஒன்லைனையும் கடைசிக் காட்சியையும் அந்த மொழியில் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். நடுவில் தடுமாறினாலும் பரவாயில்லை, மன்னிப்பார்கள். தேங்காய் உடைப்பதன் தத்துவத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பினாங்கில் தேர் வரும் வழியில் சீனர்களும் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

என் கதையின் முடிவு இதுதான். பேரன் மூச்சிரைக்க ஓடி வரும்போது பாட்டி நான்காம் மாடிப் படியிலேயே இருக்கிறார். தேர் தாண்டிவிட்டது, மேளம் தூரத்தில் தேய்கிறது. பேரன் பக்கத்தில் உட்காருகிறான். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாட்டி தேங்காயைத் தூக்கி, உட்கார்ந்திருக்கும் படியின் விளிம்பிலேயே ஓங்கி உடைக்கிறார். தேங்காய்த் தண்ணீர் படி படியாக வழிந்து கீழே இறங்குகிறது. அவரால் போக முடியாத இடத்துக்கு.

இதைச் சொல்லி நிறுத்தியதும் அறையில் ஒரு நொடி சத்தமில்லை. அப்புறம் ஓர் அம்மா கேட்டார், "தண்ணி எத்தனாவது படி வரைக்கும் போகும்?" என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் கண்ணுக்கு அந்தப் படிக்கட்டு தெரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

ஊருக்கு வந்ததும் கடையில் நாலு தேங்காய் வாங்கிக்கொண்டு போய் எங்கள் படிக்கட்டில் ஒன்றை உடைத்துப் பார்த்தேன். தண்ணீர் மூன்றாவது படியோடு நின்றுவிட்டது. நாலையும் உடைத்தேன், எதுவும் ஐந்தாவது படியைத் தாண்டவில்லை. கடைசித் தேங்காயின் நீர் மட்டும் ஓரமாக ஓடி, கைப்பிடிக் கம்பிகளின் இடுக்கு வழியாகச் சொட்டியது. கீழே தரைத்தளத்தில் அது விழும் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் போய்க் கடைசிக் காட்சியை அப்படியே மாற்றி எழுதினேன்.